அம்மாவுக்குப் பிடித்த எண்

அக்காவுக்கு வீட்டில் இன்ஸ்பெக்டர் என்று பெயர். வைத்தவர் அப்பா. பால் பாக்கெட்டை வெட்டும் முன் தேதி பார்ப்பாள். அடுப்பை அம்மா அணைத்த பிறகு தானும் ஒரு முறை போய்த் திருகிப் பார்ப்பாள். எங்கள் சுவர்க் கடிகாரம் எப்போதும் கொஞ்சம் முந்தி ஓடும். அது எல்லோருக்கும் தெரியும். மனதுக்குள் கழித்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தோம். அக்காவால் அது முடியாது. ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைத் திருத்துவாள். சில நாளில் அது மறுபடி முந்தும், இவள் மறுபடி ஏறுவாள்.

"ஏன்டி, சூரியன் என்ன இந்தக் கடிகாரத்தப் பார்த்தா உதிக்குது?" என்பார் அப்பா.

"நீங்க பஸ் எடுக்குற நேரம் தப்பாயிடும்ப்பா."

"டிரைவர் போனாத்தான் பஸ்ஸே கிளம்பும். நான் போற நேரம்தான் சரியான நேரம்."

கல்லூரியில் அவள் எடுத்தது மருத்துவக் கருவிகளைப் பற்றிய பொறியியல். கடைசி வருடம் ஏதாவது ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப் செய்தாக வேண்டும். சர்க்கரை பார்க்கும் சின்ன மெஷின் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் இடம் கிடைத்தது. விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் தொட்டால் எண் காட்டுமே, அந்த மெஷின். பயிற்சிக்கு வருபவர்களில் ஒருவரை மட்டும் வேலைக்கு வைத்துக்கொள்வோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

அந்த ஒருவர் தானாக இருக்க வேண்டும் என்பது அக்காவுக்கு ஆசை மட்டும் இல்லை. சித்தப்பாவுக்கு டைல்ஸ் கடை இருந்தது. பில் போடும் நாற்காலியில் வெளியாளை உட்காரவைக்க மாட்டேன் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். அந்த நாற்காலி அக்காவுக்காகவே காலியாகக் கிடப்பதாக வரும்போதெல்லாம் சொல்வார். அப்பாவும் தீர்த்துச் சொல்லிவிட்டார்: "படிப்பு முடியறப்ப கையில வேலை இருந்தா நான் ஏன் குறுக்க நிக்கப்போறேன்? இல்லைன்னா வேலை தேடுறேன்னு வீட்ல உட்காரக் கூடாது. சித்தப்பா கடைக்குப் போயிடணும்."

"டைல்ஸுக்கும் எனக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"வழுக்கி விழாம நடக்கத் தெரியுமில்ல? போதும்."

கம்பெனி ஒரு கிடங்குத் தெருவில் இருந்தது. ஒரு பக்கம் மெத்தைக் கிடங்கு, மறுபக்கம் கார் கழுவும் இடம். உள்ளே போனால் செருப்பைக் கழற்றிவிட்டு ரப்பர் செருப்பு போட வேண்டும். சோதனை அறைக்கு ஜன்னல் கிடையாது. வெள்ளை மேசைகள், ஸ்ட்ரிப் டப்பாக்கள், ஸ்பிரிட் வாடை, எலும்பு வரை இறங்கும் ஏசி. அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் பயிற்சி மாணவர்கள் வந்ததும் ஆளுக்கொரு விரலைக் குத்தி, அன்று சோதிக்க வேண்டிய மெஷின்களில் தங்கள் ரத்தத்தை வைக்க வேண்டும். அதற்கு அங்கே அட்டெண்டன்ஸ் என்று பெயர். "அட்டெண்டன்ஸ் போட்டாச்சா?" என்றால் ரத்தம் கொடுத்தாயிற்றா என்று பொருள்.

முதல் நாள் அட்டெண்டன்ஸிலேயே கூடப் படிக்கும் பையன் ஒருவன் நாற்காலியோடு சரிந்தான். அன்றிலிருந்து அவன் மயக்கம். "மயக்கம், அந்த டப்பாவை எடு", "மயக்கத்தைச் சாப்பிடக் கூப்பிடு" என்று கம்பெனி முழுக்கவே கூப்பிட்டார்கள். அவனும் கோபித்துக்கொள்ளவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் அக்காவிடம் நீட்டுவான். அவனுக்கும் சேர்த்து இவளே குத்துவாள்.

சோதனை அறைக்குப் பொறுப்பானவரை எல்லோரும் ஓகே சார் என்றார்கள். எதைக் காட்டினாலும் "ஓகே" என்பார். அவர் நல்ல மனிதர் என்றுதான் அக்கா வீட்டில் சொன்னாள். அதட்ட மாட்டார், யாராவது தும்மினால்கூட ஏசியைக் குறைப்பார். அம்மாவுக்குப் பல வருடமாகச் சுகர் என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னபோது அவரே மேசையிலிருந்து ஒரு மெஷினையும் இரண்டு டப்பா ஸ்ட்ரிப்பையும் எடுத்து நீட்டினார்.

"எடுத்துட்டுப் போம்மா. அம்மா வீட்லயே பார்த்துக்கட்டும்."

"யார்கிட்டயாவது கேக்கணுமா சார்?"

"நான்தானே குடுக்குறேன்? ஓகே."

அம்மா வீட்டில் பள்ளிச் சீருடை தைப்பவள். ஊசி அவளுக்கு ஒரு விஷயமே இல்லை. லேப்புக்குப் போய்க் காத்திருப்பதுதான் அவளுக்கு ஆகாது. அதனால் சுகர் பார்க்காமலே மாதக்கணக்கில் ஓட்டுவாள். மெஷின் வந்த அன்று அக்கா குத்தினாள், நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். நூற்று நாற்பது.

"பார்த்தீங்களா!" என்று அப்பாவைப் பார்த்தாள் அம்மா. "நான் ஒழுங்காத்தான் இருக்கேன். நீங்கதான் என் டீயில சர்க்கரைய எண்ணிக்கிட்டு இருக்கீங்க."

அதன் பிறகு தினமும் பார்க்கத் தொடங்கினாள். எப்போது பார்த்தாலும் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே காட்டியது. அம்மாவின் டீ மெல்ல மெல்ல இனித்தது. பிஸ்கெட் டப்பா அலமாரியின் மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு வந்தது. தைக்கக் கொடுக்க வருபவர்களிடமெல்லாம் மெஷினை எடுத்துக் காட்டினாள். "என் பொண்ணு கம்பெனி. அவ கையாலயே சோதிச்சு அனுப்புறா." அந்த மெஷின் மருந்துக்கடைகளில் விற்றுக்கொண்டுதான் இருந்தது. கீழ்வீட்டு அத்தை வாங்கினாள். மாடியில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வாங்கினார். தெருமுனையில் துணி தேய்ப்பவர்கூட வாங்கினார். அக்கா தெருவில் நடந்தால் சுகர் டாக்டரம்மா வருகிறாள் என்றார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு வந்தாலும், வாசலில் செருப்பைக் கழற்றும்போது முகத்தில் சிரிப்பு இருக்கும்.

கத்தரிக்கோல் விழுந்து அம்மாவின் காலில் சின்னதாக ஒரு காயம் ஏற்பட்டது. அது ஆறவில்லை. மேலாக வாடுவதும் மறுபடி ஈரமாவதுமாக இருந்தது. அம்மா சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். "வெயில்" என்றாள். வெயிலே இல்லை. நூற்று நாற்பது காட்டும் உடம்பு இப்படி நடந்துகொள்ளாது என்று இன்ஸ்பெக்டருக்குப் பட்டது. வலுக்கட்டாயமாக லேப்புக்கு அழைத்துப் போனாள். கையில் மெஷினையும் எடுத்துக்கொண்டாள். லேப்காரப் பெண் நரம்பில் ரத்தம் எடுத்த அதே நேரத்தில் இவள் விரலில் குத்தினாள். மெஷின் நூற்று ஐம்பதுக்குப் பக்கத்தில் நின்றது. லேப்பில் வந்தது முந்நூறைத் தாண்டி.

"லேப்ல தப்பாப் பார்த்திருப்பாங்க" என்றாள் அம்மா. இன்னொரு லேப்புக்கும் போனார்கள். அங்கேயும் அப்படியேதான் வந்தது.

மறுநாள் அக்கா இரண்டு லேப் தாள்களையும் எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். பிறகு கம்பெனியில் நடந்ததை அவளே சொன்னாள். அட்டெண்டன்ஸ் கொடுப்பவர்கள் எல்லோரும் சின்ன வயதுக்காரர்கள். யாருக்கும் சுகர் கிடையாது. சாதாரண அளவு ரத்தத்தில் மெஷின் எப்போதும் சரியாகவே காட்டும். அதிகச் சர்க்கரைக்குச் சோதிக்க ஒரு பாட்டிலில் சர்க்கரைத் திரவம் இருக்கும். பாட்டில் மேல் இத்தனை என்று எண் ஒட்டியிருக்கும். மெஷின் அதே எண்ணைக் காட்டினால் ஓகே. அவள் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓகே சாரிடம் போனாள்.

"சார், இந்த நம்பர் யார் போட்டது?"

"நாமதான். முன்னாடி வெளியேருந்து வந்துக்கிட்டிருந்துச்சு. ஒரு தடவ லேட்டாச்சு. அப்புறம் நாமே கலக்கிக்கிறோம்."

"கலக்கிட்டு எத வெச்சு நம்பர் போடறோம்?"

"நம்ம மெஷின்ல பார்ப்போம். அது காட்டுறத ஒட்டுவோம்."

"அப்போ மெஷின் சரியான்னு எத வெச்சுப் பார்க்கிறோம்?"

"இந்தத் திரவத்த வெச்சு."

"திரவம் சரியான்னு?"

"மெஷின..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். பின்னால் மயக்கம் சிரித்துவிட்டான். யாரும் கூடச் சிரிக்காததால் இருமுவதுபோல் செய்தான்.

வாரா வாரம் நடக்கும் கூட்டத்தில் அக்கா இதைச் சொன்னாள். மேடம் என்று ஒருவர் தலைமையில் கூட்டம் நடக்கும். வேலைக்கு ஆள் எடுப்பதும் அவர்தான். அக்கா வேறு எங்கேயும் போய்ச் சொல்லவில்லை, யாரையும் குற்றம் சொல்லவில்லை. மெஷினுக்கும் திரவத்துக்கும் வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும், சுகர் அதிகம் இருப்பவர்களின் ரத்தத்தில் பார்க்க வேண்டும், அதுவரை கடைக்கு அனுப்பக் கூடாது என்றாள். இதைச் சொன்னால் வேலை உறுதி என்று காலையில் கிளம்பும்போது நினைத்திருந்தாளாம். கண்டுபிடித்தவள் இவள்தானே!

மேடம் பொறுமையாகக் கேட்டார். "உங்க அம்மா நம்ம சோதனையில சேர்ந்தவங்களா?"

"இல்ல மேடம்."

"அப்போ அந்த மெஷின் உங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சு?"

அக்கா ஓகே சாரைப் பார்த்தாள். அவர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"சார்தான் எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க."

"நீங்க சொன்னீங்களா?"

"ஞாபகம் இல்லையே மேடம்" என்றார் அவர். அக்கா அங்கே போனதிலிருந்து அவர் ஓகே சொல்லாத ஒரே கேள்வி அதுதான்.

கம்பெனிப் பொருளை அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோனது எவ்வளவு பெரிய விஷயம் என்று மேடம் விளக்கினார். மாணவி என்பதால் நடவடிக்கை எடுக்கவில்லை என்றார். திரவத்தைப் பற்றி அந்தக் கூட்டத்தில் அதற்கு மேல் யாரும் பேசவில்லை. மீதி நாட்களில் அக்காவுக்கு அட்டெண்டன்ஸ் கிடையாது. டப்பாவுக்குள் விளக்கத்தாளை மடித்து வைக்கும் வேலை கொடுத்தார்கள். 'துல்லியமான முடிவுகள்' என்று அச்சடித்த பக்கம் மேலே தெரிகிற மாதிரி மடிக்க வேண்டுமாம்.

வேலை மயக்கத்துக்குக் கிடைத்தது.

அவனே போன் செய்து சொன்னான். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அக்கா அம்மாவுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வேண்டாம்னுதான் சொல்ல வந்தேன். வீட்ல ஸ்வீட் வாங்கிட்டு வந்துட்டாங்க. நான் என்ன பண்றது?"

"சேர்ந்துக்கோ."

"நீ திட்டுவேன்னு நெனச்சேன்."

"உன்னத் திட்டி என்ன பண்ண? இனிமே உனக்கு யாரு குத்துவா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறான் என்று நினைத்தேன். அக்கா நூலைக் கடித்து அறுத்துவிட்டுப் போனை வைத்தாள்.

தேர்வு முடிந்த வாரமே சித்தப்பா வந்து அழைத்துப் போனார். டைல்ஸ் கடை நாற்காலிக்குச் சக்கரம் உண்டு என்று அதை ஒரு பெருமையாகச் சொன்னார். அக்கா காலையில் போய் இருட்டும் நேரத்தில் வந்தாள். தலைமுடியில் வெள்ளைத் தூசி படிந்திருக்கும். அப்பா கேலி செய்தார், "என்ன இன்ஸ்பெக்டர், இன்னிக்கு எத்தனை டைல்ஸ் கோணல்?" "எல்லாம் ஓகே" என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயில் கேட்டதும் அப்பாவுக்கு மேலே கேலி வரவில்லை. கடிகாரம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டூலை யாரும் எடுக்கவில்லை.

மயக்கம் மறுபடி போன் செய்தான். திரவம் இப்போது வெளியிலிருந்து வருகிறதாம். சுகர் உள்ளவர்களைக் கூப்பிட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்களாம். ஸ்ட்ரிப்பை மாற்றிவிட்டார்கள், புது டப்பாவுக்கு நிறம்கூட வேறு. ஓகே சாருக்குப் பாராட்டு விழா எடுத்தார்களாம், தவறைக் கண்டுபிடித்துத் திருத்தியதற்காக.

அதற்கு அக்கா அலட்டிக்கொள்ளவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள். "பழைய டப்பா கடைங்கள்ல இருக்கே, அது?"

"திரும்ப வாங்கினா பேரு கெட்டுடும்னு சொல்றாங்க. வித்துத் தீந்துடுமாம்."

"வாங்கிட்டுப் போனவங்க?"

"அவங்களுக்கும் தீந்துடும்ல?" என்றான் அவன். சொன்ன பிறகு, தான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். அவசரமாக வைத்துவிட்டான்.

அடுத்த விடுமுறை நாளில் அக்கா ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். என்னையும் கூட வரச் சொன்னாள். அம்மாவின் பேச்சைக் கேட்டு மெஷின் வாங்கியவர்களிடமெல்லாம் போய்ப் பழைய ஸ்ட்ரிப்பை வாங்கிக்கொண்டு வருவது என்று தீர்மானித்திருந்தாள்.

கீழ்வீட்டு அத்தை எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அக்கா எல்லாவற்றையும் எளிமையாகச் சொன்னாள். அத்தை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

"உனக்கு அங்க வேலை குடுக்கலையாமே?"

"அது வேற அத்தை."

"இருக்கட்டும்மா. வயித்தெரிச்சல் யாருக்குத்தான் இருக்காது? அதுக்காக மெஷினக் குறை சொல்லாதே. அது வந்த பிறகுதான் எனக்குக் கட்டுப்பாட்டுல இருக்கு. மாத்திரையக்கூடப் பாதியாக்கிட்டேன்."

"பாதியாவா? டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர் எதுக்கு? அதான் மெஷினே சொல்லுதே."

அக்கா எவ்வளவோ சொன்னாள். தன் செலவிலேயே லேப்புக்கு அழைத்துப் போவதாகச் சொன்னாள். அத்தை சிரித்துக்கொண்டே கதவு வரை வந்து வழியனுப்பினாள். "உங்கம்மா சொல்லித்தான் வாங்கினேன். இப்போ நீ வந்து வேண்டாம்ங்கிற. முதல்ல வீட்ல பேசி ஒரு முடிவுக்கு வாங்க."

மாடியில் வாத்தியார் மேசையில் ஒரு தாளை விரித்து வைத்திருந்தார். தினமும் வந்த எண்களைப் புள்ளி வைத்துக் கோடு இழுத்திருந்தார். கோடு அழகாக, நேராகப் போயிற்று. அக்கா அந்தக் கோட்டைக் காட்டியே பேசினாள். "சாப்பிட்ட பிறகும் இப்படி நேராப் போகாது சார். ஏறணும். இது அதிகமானா காட்டவே மாட்டேங்குது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணு கேக்குறேன், உண்மையைச் சொல்லு. வேலை கெடச்சிருந்தா இதை வந்து சொல்லியிருப்பியா?"

"இதச் சொன்னதாலதான் சார் வேலை கெடைக்கல."

"அப்படின்னு நீ சொல்ற" என்றார் அவர், மாணவனின் விடையைச் சுழித்துவிடுகிறவரைப் போல. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை மடித்து உள்ளே வைத்தார்.

துணி தேய்ப்பவர் மட்டும் மறுபேச்சுப் பேசாமல் மெஷினையே கொடுத்துவிட்டார். அக்காவுக்கு முகம் மலர்ந்தது. "எடுத்துக்கோம்மா. பேட்டரி போய் ரொம்ப நாளாச்சு. நான்தான் பார்க்கிறதே இல்லையே" என்றார்.

திரும்பி வரும்போது துணிப்பையில் அந்தச் செத்த மெஷின் ஒன்றுதான் இருந்தது. அக்கா அதைத் தூக்கிப் போடவும் இல்லை, பையிலிருந்து எடுக்கவும் இல்லை. படியேறும்போது, "சித்தப்பா கடையில பில் போடறப்ப யாரும் என்னை நம்பாம இருக்கறதில்ல, தெரியுமா?" என்றாள். நான் துணிப்பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் அம்மா தையல் மெஷின் முன் இருந்தாள். எங்களைப் பார்த்ததும் சட்டென்று இழுப்பறையை மூடினாள். மூடியதில் ஸ்ட்ரிப் டப்பாவின் ஓரம் மாட்டிக்கொண்டு நின்றது. பழைய நிறம். அக்கா தன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த வேறு கம்பெனி மெஷின், ஒன்றிரண்டு மட்டுமே செலவான ஸ்ட்ரிப் டப்பாவோடு ஜன்னல் ஓரத்தில் இருந்தது.

"அம்மா."

"ஒண்ணே ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்டி."

"அது பொய்ம்மா."

"தெரியும். நீ வாங்கிக் குடுத்தது வாயத் தொறந்தாலே முந்நூறுங்குது. அதப் பார்த்தா அன்னிக்குப் பூரா கை ஓட மாட்டேங்குது, தைக்க முடியல. இது பாரு, மரியாதையா பேசுது." அம்மா இழுப்பறையைத் திறந்து டப்பாவை உள்ளே தள்ளினாள். "உனக்கு வேணும்னா நான் கொஞ்சம் கூட்டிக்கிறேன். நம்ம கடிகாரத்துல கழிச்சுக்கிறோமே, அந்த மாதிரி."

"கடிகாரம் நாளுக்கு ஒரே அளவுதாம்மா முந்தும். இது அப்படியில்ல. சுகர் ஏற ஏற, இது அத்தனைக்கத்தனை குறைச்சுக் காட்டும். எவ்வளவு கூட்டுவே?"

அம்மா காலைத் தையல் மெஷினுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். காலில் கட்டுத் துணி புதிதாக மாற்றியிருந்தது. அதன் நடுவில் அதற்குள் ஈரம் கண்டிருந்தது.

அக்கா தரையில் உட்கார்ந்து அம்மாவின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். புது ஸ்ட்ரிப்பைப் பிரித்தாள். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள், காய விட்டாள், விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தினாள். அட்டெண்டன்ஸ் எடுத்துப் பழகிய கை. அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஊசிக்கு அவள் என்றுமே திருப்பியதில்லை.

"எவ்வளவுன்னு சொல்லாதே" என்றாள்.

அக்கா சொன்னாள். சத்தமாக, ஒரு முறை. பிறகு அம்மா கேட்கவில்லையோ என்று இன்னொரு முறை சொன்னாள். அம்மா விரலைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு, கட்டுப் போட்ட காலை மிதிமேல் வைத்துத் தையல் மெஷினை ஓட்டத் தொடங்கினாள்.